சேந்தி அனுப்பிய சுரைப்பிஞ்சு

மங்கலம் பெருகுக.

மடைகள் காலத்தில் திறக்கவும், மாடங்களில் விளக்கு நின்று எரியவும், அடுப்பெரியாத நாள் ஒரு வீட்டுக்கும் வாராதிருக்கவும் தண்செறு நாட்டைக் காத்து ஆளும் கோப்பெருந்தேவி நன்முகையார் ஆணையின் வண்ணம், அவர்தம் அமைச்சன் கீரந்தை, மேற்கரை மண்டலத்தின் தலைவரும் மூன்று ஆற்றுத்துறைகளின் காவலருமாகிய நெடுவேள் பிட்டனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் மண்டலத்தில் கோடைமழை பொய்க்காதிருக்க. தங்கள் பசுக்கள் கன்றோடு மேய்க. தங்கள் இல்லத்தார் நலமே வாழ்க. வாகைக்கோட்டையில் தேவியார் நலம். இளவேனில் இங்கே முழுதாக இறங்கிவிட்டது.

இவ்வாண்டு முதற்காய்த் திருநாளை ஒட்டிக் கோட்டையில் நடந்தது பற்றித் தங்கள் சந்தைகளில் பலவாறு பேசிக்கொள்வதாகக் கேள்வி. ஒரு பெண் தேவியாரை மறுத்துப் பேசினாள் என்கிறார்களாம். தேவியார் அவள் வீட்டில் தரையில் அமர்ந்து உண்டார் என்றும் சொல்கிறார்களாம். இரண்டும் உண்மை. ஆனால் இடையில் நடந்ததை விட்டுவிட்டால் இரண்டும் தவறாகவே புரியும். ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவிக்கிறான் கீரந்தை. இதில் பெரும்பகுதி நூலளவர் அந்துவன் தம் வாயால் சொன்னது.

வழக்கம் தாங்கள் அறிந்ததே; மேற்கரைக் கோட்டைகளிலும் இதுவே நடக்கிறது, அங்குள்ள காய்கள் பின்னர் இங்கு வந்து சேர்கின்றன. எனினும் இவ்வோலை தங்கள் அவையில் இளையோர் கேட்கவும் படிக்கப்படும் என்பதால் சுருக்கமாகச் சொல்லப்படுகிறது. கோட்டைக்குள் படைவீட்டார் குடியிருக்கும் தெருக்களில், ஒவ்வொரு வீட்டின் பின்னும் ஒரு துண்டு நிலம் உண்டு. நிலம் அரசுடையது. அதில் விளைவது குடியுடையது. இதற்கு ஈடாகச் சித்திரை முதல் நாள் ஒவ்வொரு வீடும் தன் கொடியில் காய்த்த மிகப் பெரிய சுரைக்காயை அரண்மனைக்குக் கொண்டுவர வேண்டும். நூலளவர் அதை முடிச்சிட்ட நூலால் அளப்பார். ஒரு முழத்துக்குக் குறைந்த காய் வந்தால் அந்தக் குடி நிலத்தைப் பேணவில்லை என்று பொருள். பத்தாம் நாள் நிலம் அரசுக்குத் திரும்பும்; அதில் குதிரைப்புல் விதைக்கப்படும். வந்த காய்கள் அனைத்தும் அன்றே பெருங்கொப்பரையில் வேகும். விடியலில் ஏற்றினால் உச்சிப்பொழுதில் இறக்குவார்கள். தேவியார் இரண்டு கவளம் உண்டு, வழக்கத்தைப் புகழ்ந்து, கை கழுவுவார். அவருடைய பாட்டனாரும் இரண்டு கவளம்தான் உண்டார் என்று மடைப்பள்ளிக் குறிப்பு சொல்கிறது.

இவ்வாண்டு முன்வரிசையில் வாயிற்காவலர் தலைவனின் மனைவி மாசாத்தி நின்றாள். அவளுடைய காயை இருவர் கழியில் கட்டிச் சுமந்து வந்தனர். இரண்டேகால் முழம். அவளுக்கு அடுத்து, யானைக்கொட்டிலில் பணி செய்யும் கொற்றனின் மனைவி சேந்தி. கொற்றன் யானை பிடிக்கும் கூட்டத்தோடு மலைக்காட்டுக்குப் போயிருந்தான். ஆகவே அவளே வந்திருந்தாள். அவள் கையில் இருந்தது வாழையிலைப் பொட்டலம் ஒன்று.

பொட்டலத்தைப் பிரித்தார் அந்துவன். உள்ளே ஒரு சுரைப்பிஞ்சு. ஒரு சாண் நீளம். மேலே மென்மயிர் இன்னும் உதிரவில்லை. நுனியில் வாடிய பூ ஒட்டியிருந்தது. கூடத்தில் சிரிப்பு எழுந்தது.

“என்னடி சேந்தி, தேவிக்குக் காய் அனுப்புறியா, மூக்குத்தி அனுப்புறியா?” என்றாள் மாசாத்தி.

சேந்தி பொட்டலத்து இலையை மடித்துக்கொண்டாள். அவள் பேசுவது குறைவு. பேசினாலும் தரையைப் பார்த்துப் பேசுவாள். அந்துவன் அளந்தார். நூலின் முதல் முடிச்சைக்கூடக் காய் எட்டவில்லை. குறை என்று கூறினார், எழுத்தர் எழுதிக்கொண்டார். பிஞ்சும் மற்ற காய்களோடு கொப்பரைக்குள் போனது. அரை நாழிகையில் அது கரைந்து காணாமல் போயிருக்கும்.

மூன்றாம் நாள் காலை, நிலம் அரசுக்குத் திரும்புவதன் அடையாளமாக எல்லையில் முளையடிக்க அந்துவன் போனார். இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் அவர் முளையடித்த தோட்டங்கள் நான்கு. நான்கும் நெருஞ்சி மண்டிக் கிடந்தவை. அடிக்கும்போது அவருக்கு மனம் நொந்ததில்லை. இங்கே வடகிழக்கு மூலையில் முதல் முளையை ஊன்றக் குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார். ஊன்ற இடமில்லை. வேலியோரம் வரை வெள்ளரிக்கொடி படர்ந்து, இலைக்கு அடியில் விரல் பருமனில் பிஞ்சுகள் படுத்திருந்தன.

நிலம் இருபது முழத்துக்குப் பதினாறு முழம். அவ்வளவுதான். வெயில் விழும் தெற்கில் கத்தரி. நடுவில் சுரைப்பந்தல். பந்தல் நிழல் வீணாகாமல் அதன் கீழே இஞ்சியும் கீரையும். அரிசி கழுவிய நீர் சமையலறைச் சுவரின் ஓட்டை வழியே வழிந்து, முதலில் வாழைக்கும் பிறகு முருங்கைக்கும் போனது. சுரையின் இளம் இலைகள் மேல் அடுப்புச் சாம்பல் மெல்லியதாகத் தூவியிருந்தது. ஏன் என்று கேட்டார். சிவப்பு வண்டு சாம்பல் படிந்த இலையைக் கடிக்காது என்று, கீரைப்பாத்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள் சேந்தி.

பிறகு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று. ஏழு நாள் என்றார் அவர். அவள் விரல்விட்டு எண்ணினாள். எண்ணியது நாளை அல்ல, அந்த ஏழு நாளுக்குள் பறிக்கத் தக்கவை எவை என்பதை. வீட்டில் அவளும், கொற்றனின் தம்பிகள் இருவரும், அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தனர். பங்குனி முதல் ஆடி வரை அவர்கள் சோற்றோடு தின்பதெல்லாம் இந்த இருபது முழத்திலிருந்து வருவதுதான். நிலம் போனால் கோட்டை வாழ்வு போகும். பிள்ளைகளோடு கொற்றனின் தந்தையூருக்குப் போக வேண்டும். இதை அவள் சொல்லவில்லை. பக்கத்து வீட்டார் சொல்லி அந்துவன் அறிந்தார்.

பந்தலின் மேற்குக் கோடியில் ஒரு கொடி தனியாக ஏறியிருந்தது. அதில் ஒரே ஒரு காய். தென்னங்கயிற்று உறியில் அதைத் தாங்கலாகக் கட்டியிருந்தாள். அந்துவன் பழக்கத்தால் நூலை எடுத்து வைத்துப் பார்த்தார். இரண்டரை முழம். மாசாத்தியின் காயைவிடப் பெரிது.

“இந்தா தொங்குதே. இதைக் கொண்டாந்திருந்தா நான் இன்னைக்கு இங்க வந்திருக்கவே மாட்டேனே, தாயி.”

“அது வெதைக்குங்க” என்றாள் சேந்தி.

துருவிக் கேட்டபோது விவரம் வந்தது. ஆண்டுதோறும் அவள் இரண்டு கொடிகளைத் தனியே விடுவாள். ஒன்று அரண்மனைக்கு, ஒன்று விதைக்கு. இவ்வாண்டு பங்குனிக் காற்றில் ஒரு கொடி காயோடு முறிந்து விழுந்தது. மிஞ்சியது ஒன்று. அரண்மனையா விதையா என்று மூன்று நாள் யோசித்திருக்கிறாள். பிறகு, தேவியாரும் உண்ணத்தானே கேட்கிறார், உண்ண நல்லது எதுவோ அதை அனுப்புவோம் என்று எண்ணி, அன்று காலை பந்தலில் இருந்தவற்றுள் மிக இளசான ஒன்றைப் பறித்து இலையில் சுற்றினாள். அவள் செய்த குற்றம் இது.

பேசிக்கொண்டிருக்கையில் உள்ளே உலை கொதிக்கும் ஓசை கேட்டது. அப்போதுதான் சேந்தி பறிக்கப் போனாள். முன்கூட்டிப் பறித்து வைப்பதில்லையாம். உலையில் அரிசியைப் போட்ட பிறகே கொடிக்குப் போவாளாம். புறவிரலால் பிஞ்சைத் தடவினாள். மென்மயிர் விரலில் பட்டதைப் பறித்தாள், படாததை விட்டாள். தோல் சீவாமல் அரிந்தாள். ஊறிய பாசிப்பருப்போடு மண்சட்டியில் இட்டு மூடினாள். தண்ணீர் ஊற்றவில்லை. காய் தன் நீரிலேயே வெந்தது. இறக்கும்போது மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, மேலே தேங்காயைத் துருவினாள். முருங்கைப்பூவை நல்லெண்ணெயில் வதக்கினாள். வேப்பம்பூவை நெய்யில் கருகாமல் வறுத்து ஓரத்தில் வைத்தாள். வெள்ளரிப்பிஞ்சை நறுக்கி மோரில் போட்டாள். சோறு வடிவதற்குள் எல்லாம் ஆயிற்று. வந்தவரை உண்ணச் சொல்லாமல் அனுப்பும் வழக்கம் அவ்வீட்டில் இல்லை, அவர் முளையடிக்க வந்தவராயினும்.

அந்துவன் உண்டார். இருபத்திரண்டு ஆண்டுகள் சுரைக்காயை அளந்தவர் அவர். சுரைக்காய்க்குச் சுவை உண்டு என்பதை அன்றுதான் அறிந்தார்.

முளைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனவர், மறுநாள் மாலையும் வந்தார். வர வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. வெயில் சாயும்போது சுரைப்பூக்கள் வெள்ளையாக விரிந்தன. சேந்தி ஆண்பூ ஒன்றைக் கிள்ளி, அதன் மகரந்தத்தைப் பெண்பூக்களில் ஒவ்வொன்றாகத் தொட்டு வைத்தாள். அந்நேரத்தில் கோட்டைக்குள் தேனீக்கள் வருவதில்லை. ஆகவே அந்த வேலையை அவளே செய்கிறாள். அந்துவன் அளக்கப் பழகிய மனிதர். வியந்ததோடு நில்லாமல் எண்ணத் தொடங்கினார். பறித்த காயின் காம்பு கொடியில் ஒரு தழும்பை விட்டுப் போகும். சேந்தியின் ஒரு கொடியில் முப்பத்தொரு தழும்பு. வேலிக்கு அப்பால் மாசாத்தியின் கொடியில் நான்கு. அந்த ஒற்றைப் பெருங்காய் கொடியின் வலிவையெல்லாம் இழுத்துக்கொண்டதால் மற்றப் பிஞ்சுகள் வெம்பி உதிர்ந்திருந்தன. அந்தத் தெருவின் பதின்மூன்று தோட்டங்களிலும் போய் எண்ணினார். எங்கெல்லாம் பெருங்காய்க்காகக் கொடியைக் காத்தார்களோ, அங்கெல்லாம் அடுப்புக்குக் காய் இல்லை.

ஆறாம் நாள் அவையில் அந்துவன் எழுந்து நின்று, தம்மால் முளையடிக்க இயலவில்லை என்றார். காரணம் கேட்டபோது தழும்புக் கணக்கைச் சொன்னார். பிறகு, “நூலு குறைங்குது, தேவி. நாக்கு நிறைங்குது. நான் எதை எழுதட்டும்?” என்று கேட்டார்.

கீரந்தை அப்போது ஒரு வழி சொன்னான். சட்டத்தை ஒரு குடிக்காக வளைக்க இயலாது. ஆனால் பத்து நாள் இன்னும் கழியவில்லை. சேந்தியின் தோட்டத்தில் இரண்டரை முழக் காய் ஒன்று தொங்குகிறது. அதை அறுத்து அளந்தால் சட்டமும் நிற்கும், நிலமும் அவளுக்கே நிற்கும். அவையில் அனைவருக்கும் இது பிடித்திருந்தது. தேவியாருக்கும் பிடித்தது. அந்தத் தோட்டத்தைத் தாமே பார்க்க வேண்டும், அந்தக் காயைத் தம் கையாலேயே அறுத்து அவளுக்கு நிலத்தைத் தர வேண்டும் என்றார். அதைவிடப் பெரிய சிறப்பு ஒரு குடிக்கு இல்லை.

ஏழாம் நாள் காலை தேவியார் கீரந்தை உள்ளிட்ட நால்வரோடு நடந்தே வந்தார். சேந்தி வணங்கி ஒதுங்கி நின்றாள். தேவியார் தோட்டத்தை முழுதும் சுற்றிப் பார்த்தார். கீரைப்பாத்தி அருகில் நெடுநேரம் நின்றார். சாம்பல் படிந்த இலையைத் திருப்பிப் பார்த்தார். மோரில் போடும் வெள்ளரிப்பிஞ்சு ஒன்றைப் பறித்து அங்கேயே கடித்தார். பிறகு பந்தலின் மேற்குக் கோடிக்கு வந்து, வலக்கையில் கத்தியை எடுத்து, இடக்கையால் காம்பைப் பிடித்தார்.

“அறுக்காதீங்க, தாயே.”

யார் பேசியது என்று முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. சேந்திதான். அவள் முதன்முறையாகத் தலை நிமிர்ந்திருந்தாள். குரல் தெளிவாக இருந்தது.

“எடத்தை எடுத்துக்குங்க. முளையடிச்சுக்குங்க. காய் மட்டும் காம்புல இருக்கட்டும். இப்ப அறுத்தா உள்ள இருக்கறதெல்லாம் பால்விதை, ஒண்ணும் மொளைக்காது. தெருவுக்கே இது ஒண்ணுதான் இருக்கு.”

தன்னைக் காக்க நீட்டிய கையைத் தடுக்கும் குடியைக் கீரந்தை அதுவரை கண்டதில்லை. அவனுக்குச் சினம் வந்தது, அதை மறைப்பதற்கில்லை. அவன் வாய் திறக்குமுன் வேலிக்கு அப்பாலிருந்து மாசாத்தி பேசினாள்.

“தேவி, என் கொடியும் அவ குடுத்த வெதைதான். நாங்க எல்லாரும் பெருசைப் பறிச்சு அரமனைக்குத் தூக்கியாந்துடுறோம். ஆடி பொறந்தா வெதைக்கு இவ வாசல்ல வந்து நிக்கிறோம். அன்னைக்கு இவளைப் பார்த்துச் சிரிச்சவ நான்தான்.”

தேவியார் காம்பை விட்டார். கத்தியைப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தார். காய் முற்ற இன்னும் எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டார். தோலில் நகம் இறங்கக் கூடாது, காம்பு காய வேண்டும், குலுக்கினால் உள்ளே விதை ஒலிக்க வேண்டும், ஆனி முடியட்டும் என்றாள் சேந்தி. இப்போது அவள் மீண்டும் தரையைப் பார்த்தாள். ஆனி முடியட்டும் என்று தேவியாரும் சொன்னார். பிறகு கீரந்தையின் பக்கம் திரும்பி, இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பழைய கட்டளை ஓலைகளைத் தேடிப் பார்த்துச் சொல்வதாகக் கீரந்தை கூறினான்.

அப்போது உள்ளே உலை கொதித்தது. சேந்தி பழக்கத்தால் கூடையை எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனாள். தேவியார் அவள் பின்னாலேயே போய், எந்தப் பிஞ்சு என்று விரலால் தடவிப் பார்க்கக் கற்றுக்கொண்டார். முதலில் தொட்டது முற்றல்; இரண்டாவது சரி. சமையலறையில் ஓலைப்பாயில் அமர்ந்து மும்முறை வாங்கி உண்டார். மாசாத்தி வேலி வழியே நெய்க்கிண்ணத்தை நீட்டினாள்.

கீரந்தை அன்றே ஓலைச்சாலைக்குப் போனான். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய மூல ஓலை கிடைத்தது. அதில் எழுதியிருந்தது இது: வடதிசைப் போருக்குப் புறப்படும் படைக்கு நீர்க்குடுவை செய்ய, வீட்டுக்கு ஒன்றாகப் பெருஞ்சுரை, கொடியிலேயே முற்றிக் காய்ந்தது, ஆனி முடிவில் பெறுக, உள்ளிருக்கும் விதையை எடுத்து அந்தந்த வீட்டுக்கே திருப்பித் தருக. உண்பதற்கு என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. பின்னர்த் தோற்பைகள் வந்தன. குடுவை வேண்டாமல் போயிற்று. காய்கள் மட்டும் வருவது நிற்கவில்லை. வந்ததை என்ன செய்வது என்று அறியாத எவரோ மடைப்பள்ளிக்கு அனுப்பினார். மடைப்பள்ளியார் திருநாளுக்கு ஏற்ப நாளை முன்னே இழுத்தனர். அதுமுதல் இந்நகரம் தன் விதைகளை வேகவைத்து, சுவையில்லை என்று சொல்லவும் அஞ்சி உண்டிருக்கிறது. பதினான்கு ஆண்டுகளாக இக்கட்டளைக்கு முத்திரை இட்டுவந்த கீரந்தை மூலத்தை ஒருமுறையும் பிரித்துப் பார்க்கவில்லை. இதைத் தேவியார் முன் ஒப்புக்கொண்டான். தங்கள் முன்னும் ஒப்புக்கொள்கிறான்.

ஆகவே கோப்பெருந்தேவியார் கட்டளை:

சேந்தியின் நிலம் சேந்தியுடையது. அவளுக்குப் பின் அவள் பெண்மக்களுடையது. அதில் எவரும் முளையடிக்கலாகாது. வரும் ஆண்டு முதல் முதற்காய் என்பது ஒரு சாணுக்கு மேற்படாத பிஞ்சு. அன்று காலை பறித்ததாக இருக்க வேண்டும். அரண்மனை அடுப்பில் உலை கொதித்த பிறகே கூடைகள் அரண்மனை வாசலைக் கடக்க வேண்டும். விதைக்கு என்று ஒரு வீட்டார் விட்ட காயை நூலளவரோ, அமைச்சரோ, அரசரோ தொடலாகாது. அந்துவன் தம் பணியில் தொடர்கிறார். இனி அவர் தழும்புகளை எண்ணுவார். தங்கள் மண்டலத்தில் இவ்வாண்டு வந்த பெருங்காய்கள் இன்னும் வேகாமல் இருந்தால் தலைநகருக்கு அனுப்ப வேண்டா. யாருடையதோ அவரிடமே திருப்பித் தருக. குறை என்று எழுதி எடுத்த நிலம் இருந்தால், குதிரைப்புல்லை அறுத்துவிட்டு, இவ்வோலை கண்ட மூன்றாம் நாளுக்குள் உரியவரிடம் ஒப்படைக்க.

இன்னொன்று. இதைப் படித்ததும் அந்த விதையில் நாலைந்து தமக்கும் வேண்டும் என்று தாங்கள் ஆள் அனுப்புவீர்கள் என்று தேவியார் சிரித்துக்கொண்டு சொன்னார். தேவியாரே கேட்டுப் பார்த்தார். முதலில் தெருவில் உள்ள பதின்மூன்று வீட்டுக்கு, பிறகுதான் அரண்மனைக்கு என்று சேந்தி தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டாள். ஆகவே கோப்பெருந்தேவியார் பதினான்காம் இடத்தில் காத்திருக்கிறார். தாங்கள் பதினைந்தாம் இடத்தில் காத்திருக்க. இது கட்டளை.

தேவியார் ஆட்சியாண்டு பதினான்கு, சித்திரைத் திங்கள் இருபத்தொன்றாம் நாள், வாகைக்கோட்டை ஓலைச்சாலையில் எழுதி, படித்துக் காட்டி, ஒப்பு நோக்கி, சுருள் கட்டி, அரக்கு வைத்து, நெற்கதிர் முத்திரை இடப்பட்டது. கொண்டு வருபவருக்குச் சோறிட்டு அனுப்புக. நன்று நிலைக்க.